கொள்ளைநோய்ச் செய்திகளில் வினையாலணையும் பெயர்

2020ஆம் ஆண்டுக் கொரோனாக் கொள்ளைநோய்க் காலத்துச் செய்தித் தமிழை ஆராயப் புகுவார் முதற்கண் கலைச்சொற்களையே நாடுவர். 'சமூக விலகல்' என்னும் தொடர் 'சமூக இடைவெளி' எனவும் 'தனிமனித இடைவெளி' எனவும் திருந்திய வரலாறு சுவையுடையதே. தீண்டாமையை அறிந்த நாட்டில் 'விலகல்' என்னுஞ் சொல் நோயை மட்டும் குறித்து அடங்காதாகலின், அத்திருத்தம் வேண்டற்பாலதுமாகும். ஆயினும் மக்களைப் பிளந்தது அச்சொல்லன்று. நோயுற்றாரைச் சுட்டிய பெயர்களே என்பது எம் கருத்து.

அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் டெல்லி நிசாமுதீனில் நடைபெற்ற தப்லீக் ஜமாஅத் மாநாட்டிற்குத் தமிழகத்தினின்றும் பலர் சென்று மீண்டனர். அவருள் தொற்றுற்றோர் பலர். இஃது உண்மை, இதனை எழுதியது செய்தியாளர் குற்றமாகாது. 'மாநாட்டிற்குச் சென்று வந்தவர்' என்பதில் 'வந்தவர்' வினையாலணையும் பெயர். காலங்காட்டுதல் அதன் இயல்பென்பதை நன்னூல் பயின்றார் அறிவர். ஒருவர் ஒருகால் செய்த செயலை அது சுட்டுமேயன்றி அவர்தம் பிறப்பைச் சுட்டாது. 'ஜமாஅத்தினர்' என்றதும் காலம் மறைந்தது, குழு நின்றது. தொலைக்காட்சி விவாதங்களிலும் வாட்ஸ்அப் செய்திகளிலும் அதுவும் தேய்ந்து, மதப்பெயர் ஒன்றே எஞ்சிற்று. வடபுலத்தில் 'கொரோனா ஜிகாத்' என்னும் தொடரே பிறந்தது. டெல்லியைக் கண்ணாலும் காணாத காய்கறி வணிகரும் அப்பெயருள் அடக்கப்பட்டார். மும்பை உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, மாநாட்டிற்கு வந்த வெளிநாட்டினர் மீதான வழக்குகளை 2020 ஆகஸ்டு 21இல் நீக்கியபொழுது, ஊடகங்களின் பரப்புரையையும் கடிந்தது.

தமிழக அரசு இவ்விழுக்கை உணராமலில்லை. ஏப்ரல் தொடக்கத்திலேயே சுகாதாரத்துறைச் செயலாளர் பீலா ராஜேஷ் மாநாட்டின் பெயரை விடுத்து, 'ஒரே மூலம்' எனப் பொருள்படும் தொடரை ஆளலானார். அது நன்றே. ஆயின் தோன்றா எழுவாயைக் கேட்போர் தாமே வருவித்துக்கொள்வரன்றோ? முன்னரே பதிந்த பெயரை மறைத்துக் கூறல் அகற்றிற்றில்லை.

இதனொடு கோயம்பேட்டுச் செய்தியை ஒப்புநோக்குக. அச்சந்தையில் தொற்றுப் பரவியமையால் 2020 மே 5இல் அது மூடப்பட்டது. அங்கு உழைத்தோர் ஊர் திரும்பவே, விழுப்புரம், கடலூர், அரியலூர் மாவட்டங்களில் நோயுற்றோர் எண்ணிக்கை திடுமென ஏறிற்று. மாநாடு சமயஞ் சார்ந்தது, சந்தை அன்னதன்று. ஆகவே செய்தி வேறுபட்டது இயல்பென்பாருளர். அற்றன்று. இரண்டிடத்தும் நோய் பரவியது மக்கள் நெருக்கத்தால். நோய்க்கு இடப்பெயரும் மக்கட்பெயரும் இடலாகாதென உலக நலவாழ்வு நிறுவனம் 2015இல் வகுத்த நெறி, நோயுற்றார்க்கும் பொருந்துவதே.

விழுப்புரத்தை அடுத்த காணையில் அந்நாளில் அச்சம் குறைவாக இருந்ததென யாம் கூறோம். 'கோயம்பேட்டிலிருந்து வந்தவர்' எனக் கேட்டவுடன் உறவினரே திண்ணையை விட்டு எழுந்தகன்றதைக் கண்டோம். எனினும் அவ்வந்தவர் எம்மதத்தினர், எச்சாதியினர் என யாம் கண்ட செய்தித்தாள் எதுவும் எழுதிற்றில்லை. தனிமை நாள்கள் கழிந்தபின் அவர் பண்டுபோல் மாமனும் சித்தப்பாவும் ஆயினர். 'கோயம்பேட்டார்' என இன்று காணையில் எவரையும் அழைப்பாரிலர்.