ஆடு புலி ஆட்டம் இன்றும் நிற்கிறதா?

ஆடு புலி ஆட்டத்தில் ஒருவர் கையில் 3 புலி, எதிராளி கையில் 15 ஆடு. இது முறைவைத்து ஆடும் உத்தி ஆட்டம். தாயக்கட்டைக்கோ சோழிக்கோ இதில் இடமில்லை. காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில் என மேய்ச்சல் கொறங்காடுகள் நிறைந்த இன்றைய திருப்பூர் மாவட்டத்தின் சிற்றூர்களில், மர நிழலில் மண்ணில் கோடு கிழித்து, கூழாங்கல்லையும் புளியங்கொட்டையையும் காயாக வைத்து ஆடிய ஆட்டம் இது. தமிழகக் கோயில் மண்டபத் தரைகள் பலவற்றிலும் இதன் கட்டம் செதுக்கப்பட்டிருக்கிறது. அதைக் காட்டி ஆட்டத்துக்கும் கோயிலின் வயதையே சொல்வோர் உண்டு. கல் பாவிய பிறகு எந்த நூற்றாண்டிலும் ஒருவர் உட்கார்ந்து கோடு செதுக்கியிருக்க முடியும் என்பதால் அந்த வாதம் செல்லாது. பழமை எத்தனை ஆண்டானாலும், இன்று ஆடுவோருக்கு இது என்ன தருகிறது என்பதே எடைபோட வேண்டியது.

பரவலான கட்டத்தில் உச்சியிலிருந்து நான்கு கோடுகள் விரிந்து அடிக்கோட்டில் முடியும். நடுவே மூன்று குறுக்குக் கோடுகள் ஓடும். அவற்றின் இரு முனைகளையும் செங்குத்துக் கோடுகள் இணைக்கும். உச்சியில் 1, குறுக்குக் கோடுகளில் ஆறாறாக 18, அடியில் 4 என மொத்தம் 23 புள்ளிகள். புலிகள் உச்சியிலும் அதன் கீழே இரண்டு புள்ளிகளிலும் நிற்கும். ஆட்டுக்காரர் முறைக்கு ஓர் ஆடாக இறக்குவார். பதினைந்தும் இறங்கும் வரை எந்த ஆடும் நகரக் கூடாது. புலி தொடக்கத்திலிருந்தே நகரும். பக்கத்து ஆட்டை நேர்கோட்டில் தாண்டி, அடுத்த வெற்றுப் புள்ளியில் இறங்கினால் அந்த ஆடு வெட்டுப்படும். மூன்று புலிகளும் நகர வழியின்றி அடைபட்டால் வெற்றி ஆட்டுக்கு.

சதுரங்கத்தில் இரு தரப்புக்கும் ஒரே படை. இங்கே படையும் வேறு, நோக்கமும் வேறு. தனித்து நிற்கும் ஆட்டுக்கு எந்த வலுவும் கிடையாது. அதன் பின்னால் இன்னோர் ஆடு நின்றுவிட்டால் புலியால் தாண்ட முடியாது. ஆகவே ஆட்டுக்காரர் காய்களைத் தனித்தனியே பாராமல் அவற்றுக்கு இடையிலான உறவைப் பார்த்து இறக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டத்தில் எந்தப் பக்கத்திலிருந்தும் தாண்ட முடியாத புள்ளிகள் ஏழு: உச்சி, செவ்வகத்தின் நான்கு மூலைகள், அடிக்கோட்டின் இரு முனைகள். தேர்ந்த கை முதல் ஆடுகளை மூலைகளிலும் முனைகளிலும் ஊன்றி, அங்கிருந்து உள்நோக்கி வேலி கட்டும். ஆனால் பாதுகாப்பான ஏழும் நிறைந்த பிறகு எட்டாவது ஆட்டை எங்கே வைப்பது? ஆட்டத்தின் உண்மையான கூர்மை அங்கேதான் தொடங்குகிறது.

அதைவிட நுட்பமான ஓர் இடமும் உண்டு. ஓர் ஆடும் வெட்டுப்படாமல் பதினைந்தும் இறங்கிவிட்டால், 23 புள்ளிகளில் 18 நிறைந்து ஐந்தே காலியாக இருக்கும். ஆட்டுக்காரர் வென்றதுபோலத் தோன்றும். ஆனால் தன் முறை வந்தால் அவர் ஓர் ஆட்டை நகர்த்தியே தீர வேண்டும். அது விட்டுப்போகும் இடம், அதுவரை அதன் காவலில் நின்ற ஆட்டைப் புலிக்குத் திறந்துவிடக்கூடும். இத்தனை குறைந்த காய்களிலும் விதிகளிலும் இவ்வளவு நெருக்கடியை உண்டாக்கும் ஆட்டங்கள் அரிது.

குறைகள் சிறியவை அல்ல. முதலாவது, விதி ஊருக்கு ஊர் மாறுவது. எத்தனை ஆடு வெட்டினால் புலிக்கு வெற்றி என்பதில் ஓரிடத்தில் ஐந்து, ஓரிடத்தில் ஆறு, இன்னோரிடத்தில் பத்து. ஐந்து என்றால் ஆட்டுக்காரர் ஒவ்வோர் இழப்புக்கும் அஞ்ச வேண்டும். பத்து என்றால் சில ஆடுகளை இரையாக விட்டுப் புலியை மூலைக்கு இழுக்கலாம். இரண்டும் ஏறக்குறைய வேறு வேறு ஆட்டங்கள். இரண்டாவது, முடிவுப் பகுதியின் இழுவை. மீதமுள்ள ஆடுகள் அடைக்கவும் போதாமல், புலிக்கு இரையும் சிக்காமல், இருவரும் முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருக்கும் நிலை வருகிறது. நேபாளத்தின் பாக்சால் இதன் நெருங்கிய உறவு. அதில் 25 புள்ளி, 4 புலி, 20 ஆடு. லிம் யூ ஜின், யுர்க் நீவர்கெல்ட் ஆகிய இருவர் அதைக் கணினியால் ஆராய்ந்து, இரு பக்கமும் பிழையின்றி ஆடினால் வெற்றி தோல்வி இல்லை என்று நிறுவினார்கள். அந்த முடிவு நம் கட்டத்துக்கு அப்படியே பொருந்தாது. இழுவை ஏன் வருகிறது என்பதை மட்டும் விளங்க வைக்கிறது. 

இன்றைய திருப்பூரில் இதற்குப் போட்டி கைபேசி. பனியன் கம்பெனியில் 12 மணி நேரமான ஒன்றரை ஷிப்ட் முடித்து வருபவருக்கு, 2016இல் வெளியான லூடோ கிங் போன்ற பகடை ஆட்டம் எளிது; பாதிச் சுமையைப் பகடை சுமக்கிறது. ஆடு புலி ஆட்டம் முழுக் கவனத்தையும் கேட்கும், டீ இடைவேளைக்குள் அடங்காது. ஆனால் இதற்கு எழுத்தும் மொழியும் தேவையில்லை. வட இந்தியாவிலும் ஒடிசாவிலும் இதன் உறவு ஆட்டங்கள் இருப்பதால், அங்கிருந்து வந்த தொழிலாளியும் உள்ளூர்க்காரரும் சில நிமிடங்களில் எதிரெதிரே உட்கார்ந்துவிடலாம். 2002இல் சென்னையில் தொடங்கிய கிரீடா போன்ற நிறுவனங்கள் மரபு ஆட்டங்களை மீண்டும் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கின்றன. அச்சிட்ட விதித்தாளும் செயலியும் ஊர் வழக்குகளை ஒன்றாக்கிவிடும் என்ற கவலை நியாயமானது. ஆயினும் விதி தெரியாமலே ஆட்டம் மறைவதைவிட அது மேல்.

புலியின் வெற்றிக்கு எத்தனை ஆடு, ஒரே நிலை மூன்று முறை திரும்பினால் என்ன முடிவு என்ற இரண்டையும் முன்கூட்டியே பேசிவைத்து, பக்கம் மாற்றி இரண்டு ஆட்டமாக ஆடினால், ஆடு புலி ஆட்டம் இன்றைய எந்த உத்தி ஆட்டத்துக்கும் ஈடுகொடுக்கும். விதி பேசாமல் ஒற்றை ஆட்டமாக ஆடினால் ஈடுகொடுக்காது.