மாளிகைமேட்டிலிருந்து ரோமாபுரியை நோக்கி

சென்ற ஆண்டு அரியலூர்ப் பகுதி இளைஞர் சிலரை அழைத்துக்கொண்டு கங்கைகொண்ட சோழபுரம் சென்றிருந்தேன். முதலாம் இராசேந்திரன் எடுப்பித்த பெரிய கோயிலின் விமானத்தை அண்ணாந்து பார்த்து வாயடைத்து நின்றவர்கள், அங்கிருந்து ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மாளிகைமேட்டுக்கு வந்ததும் முகம் வாடினர். சோழ வேந்தரின் அரண்மனை நின்றதாகக் கொள்ளப்படும் இடம் அது. இன்று அங்கே காண்பவை அகழ்ந்த குழிகளும், அவற்றினுள் தெரியும் செங்கல் அடித்தளங்களுமே. “ஐயா, இங்கே ஒன்றுமே இல்லையே” என்றார் ஒருவர். “ரோமில் உள்ள இடிபாடுகள் எவ்வளவு அழகு!” என்றார் மற்றொருவர். அவர் ரோமாபுரிக்கு எப்போது சென்றார் என்று வினவினேன். கணினி விளையாட்டொன்றில் பல மாதங்கள் அங்கே வாழ்ந்ததாகச் சொன்னார்.

அவ்விளையாட்டின் பெயர் ‘அசாசின்ஸ் கிரீட்: பிரதர்ஹுட்’. யூபிசாஃப்ட் நிறுவனத்தார் 2010ஆம் ஆண்டில் வெளியிட்டது. என் விரல்களுக்கு அக்கலை வசப்படவில்லையாதலால், அவ்விளைஞர் ஆட, நான் பல மாலைப்பொழுதுகள் அருகிருந்து கண்டேன். இளைஞரின் பொழுதைப் பாழாக்கும் பொருள் என்று இதனை ஒரு வரியில் தள்ளிவிடுவது எளிது. நூலொன்றை மதிப்பிடுவது போலவே இதனையும் மதிப்பிடுவதே முறை எனக் கருதுகிறேன்.

கதை 1500ஆம் ஆண்டை ஒட்டிய ரோமாபுரியில் நிகழ்கிறது. போர்ஜியா குடும்பத்தார் ஆதிக்கம் செலுத்திய காலம். நாயகன் எத்சியோ என்னும் கற்பனை மாந்தன், கொலைத்தொழிலையே அறமாகக் கொண்ட ஒரு மறைவான சகோதரத்துவத்தைச் சேர்ந்தவன். நகரின் பகுதிகளுள் ‘ஆந்திகோ’ எனப்படுவது இடிபாடுகள் நிறைந்த பழைய பகுதி. கொலோசியம், பாலத்தீன் குன்று, பழைய மன்றவெளி ஆகியவை இங்கே உள்ளன. தனித்து நிற்கும் தூண்கள், பாதி இடிந்த வளைவுகள், அவற்றின்மேல் படர்ந்த செடிகொடிகள், மாலை வெயில் யாவும் பெருந்திறமையோடு தீட்டப்பட்டிருக்கின்றன. பேரரசின் உச்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் வாழ்ந்த நகரம் 1500இல் 50 ஆயிரம் பேரளவுக்குச் சுருங்கிக் கிடந்தது என்னும் வரலாற்று உண்மையை, மதிலுக்குள்ளேயே பரந்து கிடக்கும் அந்த வெறுமையால் உணர்த்திவிடுகிறார்கள். இதனை மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆயினும் அந்த இடிபாடுகள் எதற்காக அங்கே இருக்கின்றன? ஏறுவதற்காக. ஒவ்வொரு பிளவும் கை பற்றுமிடம். ஒவ்வொரு விளிம்பும் கால் வைக்குமிடம். பெரம்பலூரை அடுத்த ரஞ்சன்குடிக் கோட்டையில் இத்தகைய பார்வை பெரும் பிழையாகாது. 1751இல் போர்ப்படைகள் மோதிய அந்தக் கோட்டை ஏறுவதற்கும் ஏறுவோரைத் தடுப்பதற்குமே கட்டப்பட்டது. (நம் பிள்ளைகள் இன்றும் அங்கே ஏறத்தான் செய்கிறார்கள், நானும் ஒருகாலத்தில் ஏறியவனே.) மாளிகைமேட்டில் ஏறுவதற்கு ஒன்றுமில்லை, குனிந்துதான் பார்க்கவேண்டும். ஏறப் பழகிய கண்ணுக்கு அங்கே ‘ஒன்றுமில்லை’ என்று தோன்றியதில் வியப்பில்லை.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. ஆந்திகோவில் கற்கள் தாமாகவே விழுந்தவை போலத் தோன்றுகின்றன. உண்மையோ வேறு. 1349ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் கொலோசியத்தின் தென்புறம் சரிந்தபின், அக்கற்கள் அரண்மனைகளுக்கும் ஆலயங்களுக்கும் வண்டி வண்டியாகச் சென்றன. பளிங்குச் சிலைகளைச் சுண்ணாம்புக் காளவாயிலிட்டு நீற்றினார்கள். அவ்வழிவைக் கண்டு மனம் வெதும்பி முறையிட்டவர்களுள் ஓவியர் ரஃபாயேலும் ஒருவர். பேரரசின் மன்றவெளியில் மாடுகள் மேய்ந்தமையால் அதற்குப் பசுவெளி என்றே பெயர் வழங்கிற்று. சுண்ணாம்புக்கல் வெட்டும் மாவட்டத்தில் வாழும் நமக்கு அந்தக் காளவாயின் புகையைக் கற்பனை செய்வது கடினமன்று. விளையாட்டின் தெருக்களில் மக்கள் நடமாடுகிறார்கள், உண்மை. ஆனால் ஆடுபவருக்கு அவர்கள் பெரும்பாலும் காவலரின் கண்ணிலிருந்து மறைந்துகொள்வதற்கான திரையாகவே பயன்படுகிறார்கள். இந்தக் கல் எங்கே போயிற்று என்று கேட்டால் விடைசொல்ல அங்கே ஒருவருமில்லை.

கங்கைகொண்ட சோழபுரத்தில் இதற்கு விடையுண்டு. இரண்டரை நூற்றாண்டுகள் தலைநகராக விளங்கிய இவ்வூர், 1279ஐ ஒட்டிச் சோழராட்சி முடிவுற்றபின் சிற்றூர்களாகச் சிதறிற்று. உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர் என்னும் ஊர்ப்பெயர்களே அந்நகரின் எஞ்சிய வரைபடம். அரண்மனைச் செங்கற்களை ஊரார் தோண்டியெடுத்துத் தம் வீடுகளுக்குப் பயன்படுத்தினர். 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது, கோயில் சுற்றுமதிலின் கருங்கற்களும் கோபுரக் கற்களும் பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் எழுதப்பட்ட ஒரு குறிப்பு, ஏழை மக்கள் இதனைத் தடுக்க இயன்றமட்டும் முயன்றதையும், அதற்காகத் தண்டிக்கப்பட்டதையும், இடித்த கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித்தருவதாகச் சொன்ன வாக்கு நிறைவேறாமற் போனதையும் பதிவு செய்கிறது. அந்த அணையோ இன்றும் வயல்களுக்கு நீர் தருகிறது; வீராணம் ஏரிக்கும் வடவாற்றின் வழியே நீர் செல்வது அங்கிருந்துதான். நன்மையையும் அநீதியையும் ஒரே கல்லில் காணவேண்டிய இக்கட்டு இது. இவ்விக்கட்டை விளையாட்டு தன் ஆட்டக்காரருக்கு ஒருபோதும் தருவதில்லை.

அங்கேயும் நீர்க்கால்வாய்களைப் புதுப்பிக்கலாம். பணத்தைக் கட்டினால் போதும், வேலை முடிந்துவிடும். மூடிக்கிடக்கும் கடைகளைத் திறக்கலாம், புகழ்பெற்ற கட்டடங்களையே விலைக்கு வாங்கலாம். குறித்த நேரத்துக்கொருமுறை வருமானம் வந்து சேரும். கொலோசியத்துக்கும் ஒரு விலையுண்டு! பாழான நகரைக் கட்டுவதைக் குறித்து நாம் படித்த கதை வேறு. நெகேமியா இரவில் தனியே சென்று இடிந்த அலங்கத்தைப் பார்வையிடுவது இவ்விளையாட்டின் காட்சியைப் போலவே இருக்கிறது. ஆனால் அடுத்த அதிகாரத்தில் ஒரு நீண்ட பெயர்ப்பட்டியல் வருகிறது. தட்டார், தைலக்காரர், ஒருவனும் அவன் குமாரத்திகளும் என ஒவ்வொருவரும் தத்தம் பங்கைக் கட்டுகின்றனர். வேலைக்குக் கழுத்துக் கொடாத பிரபுக்களையும் அப்பட்டியல் விட்டுவைக்கவில்லை. வாசிப்பில் நாம் விரைந்து தாண்டிச்செல்லும் அந்தப் பட்டியலின் பொருள் எனக்கு இவ்விளையாட்டைக் கண்டபின்னரே தெளிவாயிற்று.

ஒரு காட்சியைக் கூறாமல் விடலாகாது. கொலோசியத்தின் இடிபாடுகளுக்குள் பாடுகளின் நாடகம் நடைபெறுகிறது. இது வெறுங்கற்பனையன்று, பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து சில பத்தாண்டுகள் கோன்ஃபலோனே சபையினர் உண்மையாகவே அங்கே நடத்தியது. விளையாட்டில், கிறிஸ்துவாக வேடமிட்ட நடிகனை நாடகத்தின் நடுவிலேயே கொல்லச் சதி நடக்கிறது. எத்சியோ ஆயுதத்தோடு புகுந்து அவனைக் காப்பாற்றுகிறான். அந்நடிகனின் பெயர் பியேத்ரோ, அதாவது பேதுரு. கெத்செமனேயில் வாளை உருவிய பேதுருவுக்குக் கிடைத்த பதிலை இக்காட்சியை அமைத்தவர் நினைத்தாரோ இல்லையோ, அறியேன். நினைத்திருந்தால் இது கூர்மையான முரண். நினையாதிருந்தால் நல்வாய்ப்பொன்றைக் கைநழுவ விட்டார். இடிபாடு அங்கே முதன்முறையாக மக்கள் கூடித் தம் துயரத்தை நடித்துக்காட்டும் இடமாகிறது. அதற்குள் கத்திச் சண்டை தொடங்கிவிடுகிறது.

மாளிகைமேட்டுக்குத் திரும்புவோம். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையினர் 1980 முதல் அங்கே பல கட்டங்களாக அகழ்ந்தனர். 2021இல் பணி மீண்டும் தொடங்கியது. கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனப் பீங்கான் துண்டுகள் முதலியவை கிடைத்தன. இவற்றை நான் விளக்கியபோது, ‘ஒன்றுமில்லை’ என்ற அவ்விளைஞர் குழியின் ஓரத்தில் அமர்ந்து செங்கல் வரிசைகளை எண்ணத் தொடங்கினார். ஓடும் ஆணியும் கிடைத்ததென்றால் மேலே மரச்சட்டங்கள் இருந்திருக்கவேண்டுமே என்றார். கட்டடங்களின் பொருத்துகளை உற்றுநோக்கும் பழக்கத்தை அவருக்குத் தந்தது அந்த விளையாட்டே என்பதையும் நேர்மையாகச் சொல்லியாகவேண்டும்.

மாலையில் அணைக்கரைக்குச் சென்று கொள்ளிடத்தின் கரையில் நின்றோம். இவற்றுள் எந்தக் கல் கோயில் மதிலிலிருந்து வந்தது என்று அவர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மதகின் கீழே வலை வீசிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் கேட்டோம். “எல்லாமே அங்கேயிருந்து வந்ததுன்னுதான் எங்க தாத்தா சொல்லுவாரு” என்று சொல்லிவிட்டு அவர் வலையை இழுக்கத் தொடங்கினார்.