ஆலைகள் ஒன்றுகூடும்போது

காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் ஆகிய மூன்று இடங்களில் முதலீட்டு வலயங்கள் அமைக்கப்படும் என அரசு 2025 இல் அறிவித்தது. அதனை வரவேற்போர் ஒரு வாதத்தை முன்வைக்கின்றனர். கைத்தொழில்கள் ஓரிடத்தில் திரண்டால் பிரதேசத்தின் செல்வமும் பெருகும். கழிவைக் கட்டுப்படுத்துவதும் எளிதாகும் என்பதே அது. கேட்பதற்கு இனிய இவ்வாதத்தின் இரு பாதிகளையும் தனித்தனியே எடைபோடுதல் வேண்டும்.

முதற்பாதியை மறுப்பதற்கில்லை. அல்பிரட் மார்ஷல் 1890 இலேயே இதனை விளக்கிவிட்டார். ஒரே தொழிலைச் செய்வோர் அயலயலே இருக்கும்போது திறன் கைமாறுகிறது. உதிரிப்பொருள் விற்போரும் திருத்துவோரும் தேடி வருகின்றனர். 1950 இல் உருவான காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையை நினைவுகூர்வோருக்கு இது புதிதன்று. சுண்ணாம்புக்கல் காலடியிலேயே கிடந்தது; களிமண் முருங்கனிலிருந்து வந்தது; துறைமுகமும் புகையிரதமும் அருகிருந்தன. படித்த வாலிபர் அரச உத்தியோகத்தையே நம்பியிருந்த குடாநாட்டில், போரினால் 1990 இல் மூடப்படும்வரை அது நிலையான கூலியைத் தந்தது. தொழில் வேண்டாம் என்று கூறுவது, வேலையின்றிக் கொழும்புக்கும் கடல் கடந்தும் போகும் எம் மாணவரை நோக்கிக் கைவிரிப்பதாகும்.

சிக்கல் இரண்டாம் பாதியிலேதான். பல ஆலைகளுக்கு ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையம் போதும். செலவு பங்கிடப்படும் என்கின்றனர். திருப்பூரில் அதுவே செய்யப்பட்டது. பொது நிலையங்கள் சாயநீரின் நிறத்தைக் குறைத்தன. சாயமேற்றப் பயன்பட்ட உப்பையோ அவற்றால் அகற்ற முடியவில்லை. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்கென எழுப்பிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. உழவரே அந்நீர் வேண்டாமென்றனர். சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ நாவலின் களம் இந்தத் திருப்பூரே. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடுமாறு கட்டளையிட்டபோது, இலாபத்தில் பங்கு பெறாத தொழிலாளியே முதலில் பட்டினி கிடந்தான். செலவைப் பங்கிடுவதாகச் சொன்னவர்கள் எவரோடு பங்கிட்டனர் என்பது அன்று விளங்கிற்று.

நொய்யலுக்காவது மழைவெள்ளம் வரும். எமக்கோ வற்றாத நதி ஒன்றேனும் இல்லை. வெடிப்பும் பொந்துமான சுண்ணக்கல்லினுள், உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படையே குடிநீரும் வெங்காயத் தோட்டத்தின் உயிரும். மேலே சிந்தியது வடிகட்டப்படாமலே கீழிறங்கும். கல்லை அகழ்ந்தெடுத்தாலோ, நீரைத் தாங்கும் பாத்திரத்தையே உடைத்தவராவோம்.

சுன்னாகம் இதற்குச் சாட்சி. பழைய அரச மின்னிலையம், தனியார் மின்னிலையம், 2013 இல் வந்த மின்சார சபையின் புதிய நிலையம் என யாவும் அங்கு ஒருங்கே அமைந்தன. சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது மக்கள் பௌசர் நீருக்குக் காத்து நின்றனர். எண்ணெய் எவருடையது என்ற தர்க்கமோ நீண்டது. திரளலின் இந்தப் பயனை எந்தப் பொருளியல் நூலும் கூறுவதில்லை: பலர் கூடியிருக்குமிடத்தில் பொறுப்பு எவர் தலையிலும் விழுவதில்லை. 2015 இல் தொடுக்கப்பட்ட வழக்கில், 2019 ஏப்ரலில் இலங்கை உயர் நீதிமன்றம் தனியார் நிறுவனமான நோதேர்ன் பவர் 20 மில்லியன் ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே செலுத்த வேண்டும் என்ற கோட்பாடு நிலைநாட்டப்பட்டது நன்றே. ஆயினும் நிலத்தடிக்குச் சென்ற எண்ணெயை எந்தத் தீர்ப்பும் மேலே இழுத்துவிடாது.

ஆகவே காங்கேசன்துறையில் கேட்க வேண்டியது தொழிலா நீரா என்பதன்று. முதல் ஆலை எழுமுன்னரே சுற்றியுள்ள கிணறுகளின் நீர் சோதிக்கப்பட்டு, அளவீடுகள் பதிவாக வேண்டும். எந்த ஆலை எதனை வெளியேற்றுகிறது என்பது தனித்தனியே அளக்கப்பட வேண்டும். அம்முடிவுகள் அதிகாரிகளின் கோப்புகளில் உறங்காது, பிரதேச சபை வாசலில், தோட்டக்காரரும் ஆலைத் தொழிலாளரும் வாசிக்கக்கூடிய தமிழில் மாதந்தோறும் ஒட்டப்பட வேண்டும்.