கூலி: வசையான ஒரு நற்சொல்

சொல்லுக்கு இயல்பாக இழிவு இல்லை. வழங்குவோர் நோக்கிலேயே இழிவு பிறக்கிறது. இதற்குக் 'கூலி' என்னும் சொல் தக்க சான்று.

தமிழில் கூலி என்பது உழைப்புக்குப் பெறும் ஊதியம். வள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் (குறள் 619) முயற்சியின் பயனைச் சுட்ட இச்சொல்லையே ஆண்டார். ஆங்கிலேயர் வாயிலோ ஊதியத்தின் பெயர் உழைப்பவனுக்கு ஆயிற்று. அவ்வழக்குக்குக் குஜராத்துக் கோலி இனத்தாரின் பெயரை மூலமாகக் காட்டுவாரும் உளர். இரண்டும் கலந்திருத்தல் கூடும். அது கடல் கடந்தும் சென்றது; தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளையே 'கூலி பாரிஸ்டர்' என்றனர்.

நெகிரி செம்பிலானின் சிரம்பான், போர்ட்டிக்சன், பகாவ் வட்டாரத் தோட்டங்களிலும் இதே கதைதான். துரைமார் கணக்கில் பால்மரம் சீவியவர் 'கூலி' ஆயினர். மலாயாவில் ஒப்பந்த முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. கங்காணி வழி ஆள் சேர்த்தலும் 1938இல் இந்திய அரசின் தடையால் நின்றது. சொல் மட்டும் நிற்கவில்லை. 1954இல் அமைந்த சங்கம் தன் பெயரில் 'தோட்டத் தொழிலாளர்' என்று பொறித்தது. அப்பெயரே வசைக்கு ஒரு மறுமொழி எனலாம்.

இலக்கண நோக்கில் இஃது ஆகுபெயர். ஆகுபெயர் தானே குற்றமன்று. 'கூலியாள்' என்னும்போது ஆள் நிற்கிறான். 'கூலி' என்றே விளிக்கும்போது ஆள் மறைந்து விலை மட்டும் எஞ்சுகிறது. வசையின் நஞ்சு அங்கேதான் உள்ளது.

ஆயினும் பழி முழுவதும் அயலாருடையதன்று. 'கூலிக்கு மாரடித்தல்' நம் வழக்கே. சினம் மிக்கால் 'கூலிக்காரன் பிள்ளை' என்று நம்மவரை நம்மவரே ஏசுவதும் உண்டு. அயலார் இட்ட பெயரை ஏற்றுக்கொண்டு, அதனாலேயே நம் உறவினரை அளப்பது இரட்டைத் தாழ்வு.

இச்சொல்லை நூல்களிலிருந்து நீக்குக என்பார் சிலர். அது பொருந்தாது. நீக்கினால் குறளும் ஊமையாகும். பாட்டன் பட்ட பாடும் மறையும். கதை எழுதுவோர் துரையின் வாய்ப்பேச்சில் இதை வைக்கலாம். அங்கு அது வரலாறு. ஆனால், ஆசிரியர் கூற்றில் தொழிலாளியைக் 'கூலி' என்பது துரையின் கண்ணால் நம்மைக் காண்பதாகும்.

வகுப்பறையில் அக்குறள் வரும்போது, தோட்டத்து வழிவந்த மாணவன் ஒருவன் தலை குனியக்கூடும். ஆசிரியர் அவ்வரியை விரைந்து கடத்தல் ஆகாது. சொல்லின் இரு பொருளையும் விளக்குக. கூலி என்பது அவன் பாட்டன் உழைப்பின் உரிமை. பாட்டனின் பெயர் அன்று.