அறிவின் எல்லையில் நம்பிக்கை

பகுத்தறிவு சொல்வதே இறுதித் தீர்ப்பு என்ற எண்ணத்தை வாழ்நாள் முழுக்க எதிர்த்தவர் லெவ் ஷெஸ்தோவ். கியேவில் பிறந்து பாரிஸில் குடியேறிய ரஷ்யச் சிந்தனையாளர். தத்துவம் கறாரான அறிவியலாக வேண்டும் என்ற எட்மண்ட் ஹுஸ்ஸர்ல் அவருக்கு நேர் எதிர்முனை. இருந்தும் 1928-இல் இருவரும் சந்தித்து நண்பர்களானார்கள். கீர்க்ககார்டைக் கட்டாயம் படியுங்கள் என்று ஷெஸ்தோவை வற்புறுத்தியவரே ஹுஸ்ஸர்ல்தான். அதுவரை ஷெஸ்தோவ் கீர்க்ககார்டைப் படித்ததில்லை. 1936-இல் அவரைப் பற்றித் தனி நூலே எழுதினார். இருத்தலியல் என்றாலே அறிவுக்கு எதிரான கலகம் என்று எண்ணுபவர்கள் இந்த நட்பை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இருத்தலியலின் முன்னோடியாகக் கருதப்படும் சோரன் கீர்க்ககார்ட் (1813–1855) கோபன்ஹேகனைச் சேர்ந்தவர், இறையியல் படித்தவர். உலகத்தையும் வரலாற்றையும் கடவுளையும் ஒரே தருக்க அமைப்பில் அடக்கிவிடலாம் என்ற ஹெகலியம் அன்று அங்கே படித்தவர்களிடம் செல்வாக்கோடு இருந்தது. 1841-இல் ரெகீனே ஓல்சனுடனான நிச்சயதார்த்தத்தை முறித்துக்கொண்டு அவர் பெர்லின் போனார். 1843-இல் அவருடைய ‘அச்சமும் நடுக்கமும்’ என்ற நூல் புனைபெயரில் வெளிவந்தது.

ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிட மோரியா மலைக்குப் போன கதையை அந்நூல் தொடக்கத்தில் நான்கு விதமாக மாற்றிச் சொல்லிப் பார்க்கிறது. ஒன்றில், கொல்ல நினைப்பது நானேதான், கடவுளின் கட்டளை அல்ல என்று ஆபிரகாம் மகனிடம் நடிக்கிறார்; பிள்ளைக்குக் கடவுள்மேல் வெறுப்பு வந்துவிடக் கூடாதே என்று. இன்னொன்றில், கத்தியை உருவும்போது அப்பாவின் இடக்கை இறுகுவதையும் உடம்பு நடுங்குவதையும் ஈசாக்கு பார்த்துவிடுகிறான். வீடு திரும்புகிறார்கள், பிள்ளையின் விசுவாசம் திரும்பவில்லை. இந்த நால்வரில் எவரும் வேதத்தில் வரும் ஆபிரகாம் அல்ல. அறநெறிப்படி பார்த்தால் அவர் கொலைக்குத் துணிந்தவர். வேதத்தின்படி விசுவாசத்தின் தந்தை. இரண்டையும் சேர்த்துவைக்கும் தருக்கம் எதுவும் கிடையாது என்பதே நூலின் வாதம்.

அடுத்த நூற்றாண்டில் அறிவின் இதே எல்லைக்கு வேறு வழியில் வந்தவர் பிரெஞ்சுச் சிந்தனையாளர் காப்ரியேல் மார்செல். முதல் உலகப் போரின்போது செஞ்சிலுவைச் சங்கத்தில், காணாமல்போன சிப்பாய்களைப் பற்றி விவரம் சேகரிக்கும் வேலை அவருக்கு. ஆளுக்கு ஓர் அட்டை. தேடி வந்த குடும்பத்தாரிடம் அட்டையில் இருப்பதைச் சொல்லலாம். அவர்கள் கேட்க வந்தது அதில் இருக்காது. விடை கண்டு முடித்துவிடக்கூடிய சிக்கல் வேறு, கேட்பவரும் உள்ளே அகப்பட்டிருக்கும் மர்மம் வேறு என்று அவர் பின்னாளில் பிரித்ததன் வேர் இங்கேதான் இருக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது. 1929-இல் அவர் கத்தோலிக்கரானார். 1945-இல் சார்த்தர் தம் புகழ்பெற்ற பாரிஸ் உரையில் இருத்தலியலாரை இரு அணியாகப் பிரித்தபோது, மார்செலைக் கிறித்தவ அணியில் வைத்தார்.

இந்த நம்பிக்கை அணியின்மேல் மிகக் கடுமையான குற்றச்சாட்டு ஆல்பெர் காம்யுவுடையது. உலகம் நம் கேள்விக்குப் பதில் தராத அபத்தத்தைக் கண்ட பிறகு கடவுளிடம் தாவுவது தத்துவத் தற்கொலை என்று 1942-இல் ‘சிசிபஸின் புராண’த்தில் எழுதினார். அறிவு தோற்கும் இடத்தைக் கொண்டாடிய ஷெஸ்தோவுக்கு இது பெருமளவு பொருந்தும். கீர்க்ககார்டுக்குப் பொருந்தாது. வெறும் உளறலை விசுவாசி நம்ப முடியாது, அதை உளறல் என்று கண்டு தடுப்பது அவனுடைய அறிவே என்று 1846-இலேயே ‘முடிவான அறிவியல்சாராப் பின்னுரை’யில் அவர் எழுதிவிட்டார். காம்யுவோடு நிறுத்திக்கொண்டவர்கள் அந்தப் பின்னுரையையும் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வதே நியாயம்.