கண்ணுக்கு விருந்தான காடு

'தி பிரிட்ஜ் ஒன் த றிவர் குவாய்' என்னும் திரைப்படம் 1957 ஆம் ஆண்டில் வெளிவந்தது. டேவிட் லீன் நெறிப்படுத்திய இப்படம் ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது; அவற்றுள் ஒன்று ஒளிப்பதிவுக்கு உரியது. கதை சயாமில் நிகழ்கிறது. திரையில் நாம் காணும் ஆறோ நமது களனி கங்கை. கித்துல்கலவில் மரப்பாலம் ஒன்றைக் கட்டி, அதன்மீது மெய்யான புகைவண்டியை ஓடவிட்டு, வெடிவைத்துத் தகர்த்துப் படம்பிடித்தனர். இதனை இன்றும் நம்மவர் பெருமையோடு கூறுவர். உலகம் போற்றும் படத்துக்கு நம் ஆறு பின்னணியாயிற்று என்பது அப்பெருமை. எதனை மறைப்பதற்குப் பின்னணியாயிற்று என வினவுவோர் மிகச் சிலரே.

படத்தின் அழகை மறுப்பதற்கில்லை. அகன்ற திரையில் விரியும் பசுமையும், மலையிடுக்கில் வளைந்தோடும் நீரும், அந்திவேளையில் பாலத்தின்மீது படியும் ஒளியும் எவர் உள்ளத்தையும் கவரும். சினிமாவை முதலாளித்துவத்தின் மயக்கமருந்து என ஒரே வாக்கியத்தில் ஒதுக்கிவிடும் முற்போக்கு நண்பர்கள் நம்மிடையே உளர். அவர்களிடம் பாடங்கேட்ட மாணவர்களோ மாலைக் காட்சிக்கு வரிசையில் நிற்கின்றனர். கண்டனத்தினால் இன்பம் அழிவதில்லை. அவ்வின்பம் எவ்வாறு ஆக்கப்படுகிறது, அதன்பொருட்டு எவை திரையினின்றும் அகற்றப்படுகின்றன என ஆராய்வதே விமர்சகனின் கடமை.

பாலத்தைத் தகர்க்கச் செல்லும் வெள்ளைப் படைவீரருக்குச் சுமைதூக்கிகளாக இளம் சயாமியப் பெண்கள் வருகின்றனர். காடு மலை கடந்து சுமை சுமக்கும் இப்பெண்களின் முகத்தில் களைப்பின் சாயல் இல்லை. அவர்கள் புன்னகைக்கின்றனர், வீரரின் உடலில் உருமறைப்பு மை பூசுகின்றனர், அருவிக்கரையில் நீராடுகின்றனர். கமரா அங்கே சற்று ஓய்ந்து நிற்கிறது. பார்வையாளனின் கண்ணும் அதனோடு ஓய்வு கொள்கிறது. கதையின் போக்கை மாற்றும் சொல் எதனையும் அவர்கள் சொல்வதில்லை. காட்டுக்கு மலர் எவ்வாறோ, அவ்வாறே படத்துக்கு இப்பெண்கள். இலங்கை தன் சொந்தப் பெயரோடு தோன்றும் பகுதியும் இத்தகையதே. இராணுவ வைத்தியசாலையை ஒட்டிய கடற்கரையும், வெள்ளைத் தாதி ஒருத்தியும், பேராதனைப் பூந்தோட்டமுமே அங்கு நாம் காணும் இலங்கை.

இனி வரலாற்றுக்கு வருவோம். சயாமையும் பர்மாவையும் இணைத்து யப்பானியர் அமைத்த அவ்விருப்புப்பாதை ஏறத்தாழ 415 கிலோமீற்றர் நீளமானது. 1942 இல் தொடங்கிய வேலை 1943 ஒக்டோபரில் முடிவுற்றது. நேசநாட்டுப் போர்க்கைதிகளுள் 12,000 பேருக்கு மேல் அங்கு மாண்டனர். ஆசியத் தொழிலாளருள் மாண்டவர் தொகை ஏறத்தாழ 90,000 என மதிப்பிடப்படுகிறது. பர்மியர், மலாயர், யாவகர் ஆகியோரோடு, மலாயாவின் றப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழரும் அவர்களுள் அடங்குவர். கூலி தருவதாக ஆசை காட்டிச் சிலரை அழைத்தனர். வழியிலும் தோட்டத்திலும் மடக்கிச் சிலரைப் பிடித்தனர். போர்க்கைதிகளிடையே அவர்தம் வைத்தியர்களேனும் இருந்தனர். இத்தொழிலாளருக்கு அதுவும் இல்லை. வாந்திபேதி பரவியபோது அவர்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தனர். காஞ்சனபுரியிலுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கைதிகளின் சமாதிகள் ஒழுங்காகப் பேணப்படுகின்றன. தோட்டத்துத் தமிழனுக்கு அங்கு கல் இல்லை. அவனது துயரம் வாய்மொழியாகவே நெடுங்காலம் வாழ்ந்தது. பின்னர் மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்னும் நாவலில் அதனை எழுதினார்.

திரைப்படத்தில் பாலத்தைக் கட்டுவோர் பிரித்தானியக் கைதிகள் மட்டுமே. ஆசியத் தொழிலாளன் நிற்கவேண்டிய இடத்தில் காடு நிற்கிறது. அவன் மனைவி நிற்கவேண்டிய இடத்தில் அருவியில் நீராடும் அழகி நிற்கிறாள். அவனுக்குக் காடு என்பது மலேரியாவும் சேறும் மூங்கில் முள் கிழித்த ஆறாப் புண்ணும் ஆகும். அக்காட்டில் உழைத்தவனைத் திரைக்குள் கொணர்ந்தால் பசுமை வெறும் பசுமையாய் எஞ்சாது. கண்ணுக்கு இன்பம் தரும் பொருட்டு, உழைப்பை நிலக்காட்சியினின்று பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது.

இதனைச் செய்தவர் தீயவர் என நான் கருதவில்லை. படக்கதையை எழுதிய மைக்கேல் வில்சனும் கார்ல் ஃபோர்மனும் இடதுசாரிகள் எனக் குற்றஞ்சாட்டப்பட்டு ஹொலிவூட்டின் கறுப்புப் பட்டியலில் இடம்பெற்றவர்கள். திரைக்கதைக்கான விருது மூலநாவலின் ஆசிரியரான பியர் பூலின் பெயருக்கே சென்றது. உண்மையில் எழுதியோரின் உரிமை 1984 இலேயே ஏற்கப்பட்டது. தம் பெயரையே இழந்த இவர்களது எழுத்திலும் ஆசியத் தொழிலாளனுக்கு இடமின்றிப் போனது. நல்லெண்ணம் உடையோரின் கண்ணையும் ஏகாதிபத்தியம் எவ்வளவு ஆழமாகப் பழக்கியிருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

நம் மலையகத்தைக் களமாகக் கொண்ட 'எலிஃபன்ட் வோக்' (1954) படமும் இவ்வழியதே. துரையின் மாளிகை, அவரது இளம் மனைவியாக எலிசபெத் டெய்லர், மாளிகையை இடித்து நொறுக்கும் யானைகள் எனக் காட்சிகள் குவிகின்றன. தோட்டத் தொழிலாளரோ வாந்திபேதி வரும்போது கூட்டமாகத் தோன்றி, கூட்டமாகவே மறைகின்றனர். 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து நின்ற மக்களின் மண்ணில் எடுக்கப்பட்ட படம் இது.

அழகைத் துறந்தாலன்றி உண்மையைச் சொல்லவியலாது என்பாருக்கு 1956 இல் வெளிவந்த 'ரேகாவ'வைக் காட்டலாம். லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் ஸ்ரூடியோச் சுவர்களை விட்டு வெளியேறி, திறந்த வெளியில், சிங்களக் கிராமத்தின் நடுவே அதனை எடுத்தார். அங்கும் ஒளியுண்டு, மரநிழலுண்டு. ஆயின் மழை பொய்த்தால் அந்நிலத்தையே நம்பி வாழும் கிராமத்தார் கலங்குகின்றனர்; அச்சத்தால் ஒரு சிறுவன்மீது பழி சுமத்துகின்றனர். அதனால் அந்நிலக்காட்சி நம்மை உறங்கவிடுவதில்லை. குறைகள் இல்லாத படமன்று அது. கதை சில இடங்களில் தளர்கிறது. எனினும் கித்துல்கலவில் பாலம் எழும்புமுன்னரே நம் நாட்டில் வேறொரு பார்வை பிறந்துவிட்டது.

காஞ்சனபுரியில் மெய்யான பாலம் குவாய் நதியின் மீது கட்டப்படவில்லை. அது மேக்லோங் ஆற்றின்மீது நின்றது. படம் பார்த்துவிட்டு வந்த உல்லாசப் பயணிகள் குவாய்ப் பாலம் எங்கே எனத் தேடியலைந்தனர். ஆகவே 1960 அளவில் தாய்லாந்து அதிகாரிகள் ஆற்றின் அப்பகுதிக்கே குவாய் எனப் பெயர் மாற்றிவிட்டனர்.