நாடிச்சுவரின் தடிப்பு: ‘காயத்திற்கு எதிர்வினை’ பற்றிய ஒரு விமர்சனக் குறிப்பு

1973இல் றசல் றொஸ், ஜோன் குளொம்செற் ஆகியோர் முன்வைத்த ‘காயத்திற்கு எதிர்வினை’ என்னும் கருதுகோளின் சிறப்பு, நாடிச்சுவரின் தடிப்பை வெறும் படிவாகக் கொள்ளாது இயக்கமாக விளக்கியமையாகும். அகவணி சிதைந்தவிடத்துக் குருதிச் சிறுதட்டுக்கள் ஒட்டி வளர்ச்சிக் காரணியை வெளிவிடுகின்றன. அச்சைகையை ஏற்கும் மழமழப்பான தசைக்கலம் சுருங்குந் தொழிலை விடுத்து, நடுப்படையினின்று உட்படைக்குப் பெயர்ந்து பெருகுகின்றது.

எனினும், சைகை புறத்திருந்தே வருகின்றது என்ற எண்ணம் ஒருபக்கமானது. 1991இல் எலியின் கழுத்து நாடியில் நிகழ்ந்த ஆய்வு, முதற் பெருக்கத்தைத் தூண்டுவதிற் காயமுற்ற கலங்களே வெளிவிடும் நாரரும்பர் வளர்ச்சிக் காரணிக்குப் பெரும் பங்குண்டெனக் காட்டிற்று.

பெருக்கத்தை மட்டும் பகையாகக் கண்ட சிகிச்சையும் முரண்பாட்டிற் சிக்கியது. றபாமைசின் பூசிய உலோகத் தாங்கிகள் தடிப்பைக் குறைத்தன. அகவணி மீள்வதையும் தாமதப்படுத்தின. சிலரிற் காலந்தாழ்த்திக் குருதி உறைந்தது. ஆற்றுவதும் அடைப்பதும் ஒரே செயற்பாட்டின் இருமுகங்களாம்.

கருதுகோள் உயர் குருதியமுக்கம் போன்றவற்றைக் காயத்தின் காரணிகளாகச் சுட்டுவதோடு அமைகின்றது. 1848இல் மேற்சிலேசியக் கொள்ளைநோயின் வேரை வறுமையிற் கண்டவர் வேர்ச்சோ. அவர்வழி நின்று, அக்காரணிகளை விளைக்கும் வாழ்நிலையையும் ஆராய்தல் வேண்டும்.